பழைய எஞ்சினும் பாடசாலையும்

விழா மலர் என்றால் வாழ்த்தும் வரலாறும் நிறைந்திருத்தல் வழக்கம். கல்லூரித் தாயைப் போற்றியும், ஆசிரியப் பெருந்தகைகளை நினைந்தும், விளையாட்டுக் களத்து வெற்றிகளை எண்ணி மகிழ்ந்தும் எழுதப்படும் கட்டுரைகள் இம்மலரிற் பல இருக்கும். அவற்றைப் படித்து இன்புறுவாருள் நாமும் அடங்குவோம். ஆயினும், கல்லூரியை விட்டு நீங்கிக் கேகாலைப் பகுதியிலே தொழில் பார்த்து வாழும் பழைய மாணவராகிய நாம், இவ்விழாவை முன்னிட்டுச் சொல்ல விரும்புவது எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த ஒரு பொருளைப் பற்றியது. பழைய எஞ்சின் ஒன்றை ஏமாறாது வாங்குவது எவ்வாறு என்பதும், அவ்வறிவை மாணவருக்கு ஊட்ட எமது கல்லூரி கடமைப்பட்டுள்ளதா என்பதுமே நாம் ஆராயப் புகுவன. இது கல்லூரி மலருக்கு ஏற்ற பொருள்தானா என்று ஐயுறும் அன்பர்கள், இறுதிவரை படித்தபின் தீர்ப்புக் கூறுவார்களாக.

கேகாலை மாவட்டத்தின் நில அமைப்பை அறிந்தவர்க்கு இதன் இன்றியமையாமை எளிதில் விளங்கும். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியிலே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்திற் கேகாலை நகர் இருக்கின்றது. நகரை விட்டுத் தெற்கே புளத்கொஹுபிட்டிய, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை ஆகிய ஊர்களை நோக்கிச் சென்றால் இறப்பர்த் தோட்டங்களும் தேயிலை மலைகளும் மாறி மாறி வரும். பஸ்வண்டி பெருவீதியோடு நின்றுவிடும். அதற்கப்பால், ஏற்றமும் வளைவும் கல்லும் நிறைந்த தோட்டப் பாதைகளிலே, லயங்களையும் வெளியுலகையும் இணைப்பது முச்சக்கரவண்டியே. கருவுற்ற பெண்ணை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் அதுவே. பிள்ளைகளைக் காலையிற் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. மாலையில் அரிசி மூடையைச் சுமந்து மலையேறுவதும் அதுவே. தோட்டத்து இளைஞன் ஒருவன் வெட்டுக்கத்தியையும் கொழுந்துக் கூடையையும் விட்டு வேறொரு சீவனோபாயத்தைத் தேடும்போது, முதலில் அவன் கண்முன் தோன்றுவதும் அவ்வண்டியே.

இவ்வண்டியின் குலமுறையைச் சிறிது கூறுதல் தகும். 1948 இல் இத்தாலி நாட்டுப் பியாஜியோ நிறுவனத்தார், தமது வெஸ்பா ஸ்கூட்டரை அடியாகக் கொண்டு, 'ஆபே' என்னும் மூன்று சக்கர வண்டியை வெளியிட்டனர். பின்னர் இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்தார் பியாஜியோவின் உரிமம் பெற்று உற்பத்தியை மேற்கொண்டனர். அவ்வழி வந்த வண்டிகளே இலங்கையெங்கும் பெருகின. அவற்றின் ஈரடிப்பு எஞ்சினிலே சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் ஒவ்வொன்றும் 57 மில்லிமீற்றர், கொள்ளளவு 145.45 கன சென்ரிமீற்றர். புகையின் காரணமாக ஈரடிப்பு முச்சக்கரவண்டிகளை இறக்குமதி செய்வது 2008 இலே தடைசெய்யப்பட்டது. அதன்பின் நான்கடிப்பு வண்டிகளே வந்தன. ஆயினும் முன்னர் வந்த ஈரடிப்பு வண்டிகள் உடனே மறைந்துவிடவில்லை. மலைநாட்டுப் பாதைகளில் அவை நெடுங்காலம் உழைத்தன.

இதன்மேல் வந்தது 2020. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேதான் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் புதிய வண்டியை எண்ணிப் பார்க்கவும் இயலாதவர்கள், இருந்த வண்டியின் உயிரை நீட்டிக்கவே முயன்றனர். 2022 இலே பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவாக உயர்ந்ததையும், பங்கீட்டு முறை தொடங்கியபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்திற்கு 5 லீற்றரே கிடைத்ததையும் எவரும் மறந்திரார். தேய்ந்த எஞ்சின் உள்ளவனுக்கும் அதே 5 லீற்றர். நல்ல எஞ்சின் உள்ளவனுக்கும் அதே 5 லீற்றர். ஆனால் முன்னவன் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டான். எஞ்சினின் தேய்மானம் குடும்பத்தின் அடுப்பைத் தொடுகின்றது என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இலே 1,000 ரூபாவாகவும் 2024 இலே 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய வருமானத்தை நம்பி வாழும் குடும்பமொன்று, வண்டிக்கு வேறு எஞ்சின் வாங்கத் துணியும்போது, அப்பணம் எங்கிருந்து வருகின்றது? தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகின்றது. சீட்டுப் பணம் முற்கூட்டியே கேட்டு எடுக்கப்படுகின்றது. லீசிங் தவணை ஒருபுறம் காத்திருக்கின்றது. இவ்வாறு திரட்டிய பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு கொழும்புக்குச் சென்று, பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளின் நடுவே நிற்கின்றான் ஒருவன். அவன் முன்னே வரிசையாகக் கழுவி வைக்கப்பட்ட எஞ்சின்கள். எல்லாம் பளபளக்கின்றன. அவனுக்குத் தெரிந்தது பளபளப்பு மட்டுமே. அவன் எமது கல்லூரியிற் படித்தவனாக இருந்தாலும் நிலைமை இதுதான் என்பதே எமது கவலை.

முதலிலே சொல்லின் மயக்கத்தை நீக்குவோம். 'ரீகண்டிஷன்' என்ற சொல், உள்ளே பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, மீண்டும் செம்மைப்படுத்தியது எனப் பொருள்படும். எமது நாட்டு வழக்கிலோ, பிறநாட்டில் ஓடிய பொருளை அவ்வாறே கொண்டுவந்து விற்பதற்கும் அப்பெயரையே இட்டுவிட்டோம். வாங்குபவன் செம்மைப்படுத்திய எஞ்சினுக்குரிய நம்பிக்கையோடு பணம் கொடுக்கின்றான். பெறுவது கழுவிய எஞ்சின். பழைய வண்டியை வாங்குபவனுக்காவது ஓடிய தூரத்தைக் காட்டும் மானி ஒன்று உண்டு. அதுவும் எப்போதும் மெய் பேசும் என்பதற்கில்லை. தனியே கழற்றி வைத்த எஞ்சினுக்கோ அதுதானும் இல்லை. அதன் வரலாறு அதன் உலோகத்திலேதான் எழுதப்பட்டிருக்கின்றது. வாசிக்கத் தெரிந்தவனே வாசிக்கலாம்.

சட்டம் காக்குமே என்பார் சிலர். இலங்கையின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் 1896 ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. வணிகன் விற்கும் பொருள் விற்பனைக்குத் தக்க தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்னும் விதி அதில் உண்டு. ஆயின், வாங்குபவன் பொருளைப் பரிசோதித்திருப்பின், அப்பரிசோதனையிற் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அவ்விதி துணைநில்லாது என்ற விலக்கும் அதனோடு சேர்ந்தே நிற்கின்றது. பார்க்கத் தெரியாமற் பார்த்துவிட்டுத் தலையாட்டியவனுக்குச் சட்டத்தின் துணையும் குறைந்துபோகின்றது என்பதே இதன் உட்கருத்து. ஆகவே வாங்குபவனின் அறிவே அவனுக்கு முதற் காவல்.

அவ்வறிவின் முதற்படி எது? கடைக்குப் போவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது: பழைய எஞ்சின் ஏன் செத்தது? காற்றை வடிக்கும் எயார் கிளீனர் கிழிந்து, தோட்டப் பாதையின் தூசி உட்புகுந்து சிலிண்டரை அரைத்திருந்தால், புதிதாகப் பொருத்தும் எஞ்சினையும் அதே தூசி அரைக்கும். எண்ணெய் குறைந்து பிஸ்டன் இறுகியிருந்தால், அதே கவனக்குறைவு அடுத்த எஞ்சினையும் இறுக்கும். நோயின் காரணத்தை அறியாமல் நோயாளியை மாற்றுவதால் ஆவதென்ன? மேலும், தன் வண்டியிற் பல்லாண்டு ஓடிய எஞ்சினின் குணமும் குற்றமும் உரியவனுக்குத் தெரியும். அதன் சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் இட்டு, பேரிங்கையும் சீல்களையும் மாற்றினால் எவ்வளவு செலவாகும் என்று நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம் கேட்டறிந்த பின்னரே, அறியாத எஞ்சினின் விலையைப் பேசப் போகவேண்டும். முன்பின் அறியாத எஞ்சினை வாங்குவதிலும் அறிந்த எஞ்சினைச் செம்மைப்படுத்துவதே பலவேளை நன்று என்பது எமது துணிபு.

அவ்வாறன்றி வாங்கியே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், முன்னோர் மாடு வாங்கிய முறையை நினைவுகூர்தல் நலம். சந்தைக்குச் சென்ற உழவன் மாட்டின் கொம்பிற் பூசிய வண்ணத்தையோ கழுத்திற் கட்டிய மணியையோ பார்த்து விலை பேசவில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணினான், நடக்கவிட்டுப் பார்த்தான், சுழியை நோக்கினான். மாட்டின் வயது பல்லிலே தெரிவதுபோல எஞ்சினின் வயது சிலிண்டரின் விட்டத்திலே தெரியும். 57 மில்லிமீற்றர் விட்டமுடைய சிலிண்டர் தேய்ந்தால், அதனை 57.25, 57.50 எனச் சிறிது சிறிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர். பிஸ்டனின் தலையிலே அவ்வளவு பொறிக்கப்பட்டிருத்தல் வழக்கம். இப்படிக் கடைவதற்கும் எல்லை உண்டு. எல்லையைத் தொட்ட சிலிண்டரை மேலும் கடைய உலோகம் இராது. இடுக்கிமானி கொண்டு ஒருமுறை அளந்தாற் போதும், அவ்வெஞ்சின் எத்தனை பிறவி எடுத்தது என்பதும் இன்னும் எத்தனை பிறவி எஞ்சியுள்ளது என்பதும் விளங்கிவிடும். மேலே ஓரிடம், நடுவே ஓரிடம், கீழே ஓரிடம் என மூன்றிடத்தும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால், சிலிண்டர் வட்டமாக உள்ளதா, முட்டை வடிவாகத் தேய்ந்துள்ளதா என்பதும் தெரியும்.

சிலிண்டரின் தலையைக் கழற்ற வணிகன் இசையாவிடின், சைலன்சரைக் கழற்றி, புகை செல்லும் வாயினூடே சிறு விளக்கொன்றைப் பிடித்து நோக்கலாம். ஈரடிப்பு எஞ்சினில் அவ்வாயின் வழியே பிஸ்டனின் பக்கம் தென்படும். நெடுக்காகக் கீறல்கள் ஓடியிருந்தால் அந்த எஞ்சின் ஒருமுறையேனும் இறுகியது என்று அறிக. அதைக்கூட அனுமதியாத வணிகனை வணங்கி விடைபெறுவதே அறிவுடைமை.

ஓட்டிக் காட்டுகிறேன் என்று வணிகன் கூறினால், முதலில் எஞ்சினின் மேலே கையை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன்னரே ஓட்டிச் சூடேற்றப்பட்டது என்பது பொருள். குளிர்ந்த எஞ்சின் எவ்வளவு எளிதில் உயிர் பெறுகின்றது என்பதே சோதனை. அடுத்து, அமுக்கத்தை மானி வைத்து அளக்கவேண்டும். இங்கே ஒரு தந்திரத்தை அறிந்துவைத்தல் நன்று. தேய்ந்த சிலிண்டருக்குள்ளே சிறிது தடித்த எண்ணெயை ஊற்றிவிட்டால், அவ்வெண்ணெய் இடைவெளியை அடைத்துக்கொண்டு அமுக்கத்தை உயர்த்திக் காட்டும். ஏமாற்றுவோன் கையாளும் இவ்வெண்ணெயையே நல்ல மெக்கானிக்கும் கையாளுகின்றான். நான்கடிப்பு எஞ்சினிலே முதலில் உலர்ந்த நிலையில் அளந்து, பின்பு ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பான். அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்விலோ கெசற்றிலோ குறை இருக்கலாம். ஒரே எண்ணெய் ஒருவன் கையிற் பொய்யாகவும் மற்றவன் கையில் மெய்யாகவும் ஆகின்றது. வேறுபாடு அறிவில் உள்ளது.

புகையையும் ஆராய்ந்து அறியவேண்டும். நான்கடிப்பு எஞ்சினில் நீலப் புகை வந்தால் உள்ளே எண்ணெய் எரிகின்றது. அது நோயின் குறி. ஈரடிப்பு எஞ்சினிலோ பெற்றோலுடன் எண்ணெய் கலந்தே எரிவதால் சிறிது நீலப் புகை இயல்பு. ஆனால் அடர்ந்த வெண்புகை ஓயாது வந்து, கியர் எண்ணெயும் குறைந்துகொண்டே போனால், கிராங்க் தண்டின் சீல் பழுதடைந்து கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகின்றது என்று கொள்ளலாம். ஈரடிப்பு எஞ்சினில் எரிபொருட் கலவை முதலிற் கிராங்க் அறையிலேயே அமுக்கப்படுவதால், அச்சீல் ஒழுகினால் எஞ்சினின் வலிமையே குன்றும். ஒரே குறி இரண்டு எஞ்சினில் இரண்டு பொருள் தருவதை அறியாதவன், நல்லதைத் தள்ளித் தீயதைக் கொள்ளவும் கூடும்.

இனி, மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் வண்டிக்கும் எஞ்சினுக்கும் பொருத்தம் பாராது விடலாமா? தாங்கும் பிடிகள், கியர்க் கம்பி, மின்தொடுப்பு, காபரேற்றர் ஆகியவை ஒத்துவராவிட்டால், மலிவாக வாங்கிய எஞ்சின் கராஜிலே இரட்டிப்புச் செலவு வைக்கும். எல்லாவற்றினும் முதன்மையானது எண் பொருத்தம். எஞ்சினிற் பொறித்த எண் வண்டியின் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதாகும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைத் திருத்திப் பதிய வேண்டும்; அதற்கு அவ்வெஞ்சின் வந்த வழியைக் காட்டும் பத்திரங்கள் வேண்டும். எண் அராவப்பட்ட எஞ்சினையோ பத்திரமில்லாத எஞ்சினையோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடலாகாது. பிறர் வீட்டிற் களவுபோன பொருளைத் தன் வண்டியிற் பூட்டிக்கொண்டு, பொலிசார் மறிக்கும் நாளை எதிர்நோக்கியிருப்பது நிம்மதியான பிழைப்பாகாது.

இதுவரை கூறியவற்றுள் எமது மாணவரின் அறிவுக்கு எட்டாதது எது? ஒன்றுமில்லை. வேணியர் இடுக்கிமானியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் பற்றி அவர்கள் பரீட்சையில் விடை எழுதுகின்றனர். உருளையின் கனவளவைக் காணும் சூத்திரத்தைச் சிறு வகுப்பிலேயே மனனம் செய்கின்றனர். வெப்பத்தால் உலோகம் விரியும் என்பதையும் வாயுவின் அமுக்கம் பற்றிய விதியையும் ஒப்புவிக்கின்றனர். ஆனால் இடுக்கிமானியோ ஆய்வுகூட அலுமாரியில் உறங்குகின்றது. அதை எடுத்துத் தேய்ந்த சிலிண்டர் ஒன்றில் வைத்துப் பார்த்த மாணவர் எத்தனை பேர்? 2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பவியற் பிரிவு ஒன்று நாட்டில் ஏற்படுத்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது உயர்தரத்தை எட்டி, அப்பிரிவைத் தேர்ந்தவர்க்கே உரியது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி முச்சக்கரவண்டியின் கைபிடியைப் பற்றுபவனுக்கு அதனாற் பயன் யாது?

ஆண்டுதோறும் நவராத்திரியின் நிறைவிலே கல்லூரி மண்டபத்தில் ஏடும் எழுதுகோலும் வைத்துக் கலைமகளை வணங்குகின்றோம். ஆயுத பூசையன்று தோட்டங்களிலே முச்சக்கரவண்டிக்கும் வாழைக்குருத்துக் கட்டி, சந்தனம் தடவி, தேசிக்காய் வைக்கின்றனர். ஏட்டையும் கருவியையும் ஒரே திருவிழாவில் வைத்துப் போற்றிய முன்னோரின் கருத்து எத்துணை ஆழமானது! நாமோ விழா முடிந்ததும் ஏட்டைக் கல்லூரிக்கும் கருவியைக் கராஜுக்கும் எனப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து பார்த்தே ஒருவனை நம்புக என்னும் அந்நெறி, பொருளை நம்புவதற்கும் பொருந்தும். அந்த ஆராய்ச்சியைப் பழக்குவதற்குக் கல்லூரியை விடச் சிறந்த இடம் ஏது?

ஆகவே நாம் ஒரு யோசனையை முன்வைக்கின்றோம். விழா நினைவாக வளைவோ சிலையோ அமைக்க எண்ணும் அன்பர்களை நாம் குறைகூறவில்லை. அவற்றோடு, ஆய்வுகூடத்தின் ஒரு மூலையில், நீண்ட மேசை ஒன்றும், நல்ல அளவுகருவிகளும், பிரித்துப் பார்ப்பதற்கான பழைய எஞ்சின்களும் கொண்ட ஒரு சிறு பணிக்கூடம் அமைய வேண்டும். முச்சக்கரவண்டியின் எஞ்சின் ஒன்று அங்கே இருக்கட்டும். ஆனால் அது கனமானது. ஒருவர் பிரிக்க முப்பது பேர் சுற்றிநின்று பார்க்கத்தான் இயலும். ஒவ்வொரு மாணவனும் தன் கையாலே பிரித்துப் பூட்டுவதற்கு வேறொன்று உண்டு. வானொலி அலையால் இயக்கப்படும் விளையாட்டுக் கார்களில் உள்ள 'நைத்திரோ' எஞ்சினையே குறிப்பிடுகின்றோம்.

கைப்பிடிக்குள் அடங்கும் அவ்வெஞ்சின் பெரும்பாலும் 2 முதல் 3.5 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. நிறை அரைக் கிலோவையும் எட்டாது. ஆயினும் நிமிடத்திற்கு 30,000 சுற்றுக்கு மேலும் சுழலவல்லது. அதுவும் முச்சக்கரவண்டியின் பழைய எஞ்சினைப்போல ஈரடிப்பு எஞ்சினே. எரிபொருட் கலவையைக் கிராங்க் அறையில் அமுக்கி மேலே தள்ளும் அதே முறையில் இயங்குவதே. மெதனோலும் நைத்திரோமெதேனும் எண்ணெயும் கலந்த திரவம் அதன் எரிபொருள். அதிலே தீப்பொறி கிடையாது. பிளாற்றினம் கலந்த சிறு கம்பிச்சுருள் செந்தணலாக இருந்து கலவையை எரிக்கின்றது. வாயுவிலே பிளாற்றினக் கம்பி தானாகவே ஒளிர்ந்துகொண்டிருப்பதை 1817 இலே ஹம்ப்ரி டேவி கண்டார். 1940களின் இறுதியில் அமெரிக்கரான ரே ஆர்டன் அத்தகைய தணற் பிளக்கைச் சிற்றெஞ்சின்களுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரசாயன ஆசிரியர் ஊக்கியைப் பற்றிக் கற்பிக்கும்போது இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

அதன் சிலிண்டரின் அமைப்பு இன்னும் நயமானது. உட்புறம் குரோமியம் பூசிய பித்தளைக் குழாய், அதனுள்ளே சிலிக்கன் மிகுந்த அலுமினியப் பிஸ்டன், ரிங் கிடையாது. அக்குழாய் மேலே செல்லச் செல்ல மயிரிழையளவு ஒடுங்கியிருக்கும். ஆதலால் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பிஸ்டன் உச்சியை அடையும்போது இறுகிப் பிடிக்கும். சூடேறியதும் பித்தளை அதிகமாக விரிய, இரண்டும் அளவாகப் பொருந்தும். இப்படிப்பட்ட பழைய எஞ்சினை வாங்குவோர் செய்யும் முதற் சோதனையும் இதுவே. பறக்குஞ்சில்லை விரலாலே மெல்லத் திருப்புவர். உச்சியிலே நல்ல பிடி இருந்தால் உயிர் உண்டு. குளிர்ந்த நிலையிலேயே தங்குதடையின்றிச் சுழன்றால், சூடேறும்போது அமுக்கம் குன்றி நின்றுவிடும். பின்மூடியைக் கழற்றிக் கிராங்க் ஊசியின் தேய்வையும், இணைப்புத் தண்டின் ஆட்டத்தையும் காண்பர். மெதனோல் ஈரத்தை உறிஞ்சுவதால், ஓட்டியபின் எண்ணெய் விட்டு வைக்காத எஞ்சினின் பேரிங் துருப்பிடித்துக் கரகரக்கும். முன்பு வைத்திருந்தவன் கவனமுடையவனா என்பதை அக்கரகரப்பே சொல்லிவிடும். தூசி உட்புகுந்திருந்தால் குரோமியப் பூச்சிலே கீறல் தெரியும். ஓடிய தூரத்தைக் கொண்டன்றி, குடித்த எரிபொருளின் அளவைக் கொண்டே அதன் வயதைக் கணிப்பர். காரின் பிடிகளுக்கும் தண்டின் முனைக்கும் புகைவாயின் திசைக்கும் அது பொருந்துமா என்பதும் பார்க்கப்படும். முச்சக்கரவண்டியின் எஞ்சினைப் பற்றி முன்னே கூறியவை யாவும் இங்கே சிற்றுருவிற் காணக்கிடக்கின்றன அல்லவா?

இவ்வெஞ்சின்களைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. விளையாட்டுக் கார் உலகில் மின்மோட்டரும் லிதியம் பற்றரியும் பெருகிவிட்டதால், நைத்திரோ கார்கள் பலருடைய வீட்டு அலுமாரிகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் எமது பழைய மாணவரின் பிள்ளைகள் விளையாடி ஒதுக்கியவை பல இருக்கும். அவற்றை எரிபொருள் ஒருதுளியும் எஞ்சாது வடித்து, துடைத்து அனுப்பினாற் போதும். 1936 முதல் ஜப்பானின் ஒசாக்கா நகரில் இத்துறையில் ஈடுபட்டுவந்த ஓ.எஸ். நிறுவனத்தின் எஞ்சின் கிடைத்தால் நன்று, வேறெதுவாயினும் குற்றமில்லை. ஓடாத எஞ்சினே எமக்குப் பெரிதும் வேண்டியது. நல்லதொன்றும் செத்ததொன்றும் அருகருகே இருந்தால், இரண்டையும் விரலாலே திருப்பிப் பார்க்கும் மாணவன் அவ்வேறுபாட்டை ஆயுள் முழுவதும் மறவான்.

இதற்கு எழக்கூடிய தடைகளையும் நாம் அறியாமலில்லை. விளையாட்டுப் பொருளைக் கல்லூரிக்குள் கொண்டுவருவதா என்பர் சிலர். கையாற் பழகும் கல்வியை விளையாட்டென்று இகழ்ந்ததன் பயனைத்தான் இன்று அனுபவிக்கின்றோம். ஆபத்தானதன்றோ என்பர் வேறு சிலர். அவ்வச்சம் நியாயமானதே. மெதனோல் நஞ்சு, உட்கொண்டால் கண்பார்வையை அழிக்கும், அதன் சுவாலை பகலொளியிற் கண்ணுக்குப் புலப்படாது. நைத்திரோமெதேன் 16 வீதத்துக்கு மேற்பட்ட கலவைகளைப் பொதுமக்கள் பெறுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியாற் கட்டுப்படுத்தியது. அதனாலேயே எரிபொருளைக் கல்லூரி வாயிலுக்குள்ளும் கொண்டுவர வேண்டாம் என்கின்றோம். எமது மேசையில் எஞ்சின் ஓடத் தேவையில்லை. திறக்கப்பட வேண்டும், அளக்கப்பட வேண்டும், மீண்டும் பூட்டப்பட வேண்டும். அவ்வளவே.

மூன்றாவது தடை வலிமையானது. மின்சார முச்சக்கரவண்டிகள் வரத்தொடங்கிய இக்காலத்தில் பெற்றோல் எஞ்சினைப் பற்றிய அறிவு எதற்கு என்று கேட்பர். நாம் கேட்பது இதுதான்: நாளை பழைய பற்றரிகள் விற்பனைக்கு வரமாட்டாவா? அவற்றின் வெளிப்புறமும் துடைத்துப் பளபளப்பாகவே வைக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் தேய்வையாவது விளக்குப் பிடித்துக் கண்ணாற் காணலாம். பற்றரியின் தேய்வு கண்ணுக்குத் தெரியாது. முழுதும் ஏற்றி, முழுதும் இறக்கி, எவ்வளவு மின்னாற்றல் வெளிவந்தது என்று அளந்தாலன்றி அதன் வயதை அறிய வழியில்லை. அன்றும் மேலே கையை வைத்துப் பார், அளந்து பார், பத்திரத்தைக் கேள், பொருத்தத்தை நோக்கு என்ற விதிகளே துணைநிற்கும். சிலிண்டரில் அளந்து பழகிய கை பற்றரியையும் அளக்காமல் வாங்காது.

அன்புள்ள பழைய மாணவர்களே! உங்களுள் எந்திரவியலாளர் உளர். கராஜ் நடத்துவோர் உளர். தோட்டத் தொழிற்சாலைகளிற் பணியாற்றி ஓய்வுபெற்றோரும் உளர். மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் கல்லூரிக்கு ஈந்தால், உங்கள் கைப்பழக்கம் உங்களோடு அழிந்துபோகாது. ஆசிரியப் பெருமக்களே! இடுக்கிமானியை அலுமாரியிலிருந்து எடுத்துத் தேய்ந்த உலோகத்தின்மேல் வைத்துக் காட்டுங்கள்; சூத்திரம் அங்கே உயிர் பெறுவதை மாணவர் காண்பர். மாணவர்களே! உங்கள் தகப்பனாரோ தமையனாரோ எஞ்சின் வாங்கப் புறப்படும் நாளில், நீங்களும் கையில் ஒரு மானியோடு உடன் செல்லுங்கள். உங்கள் படிப்பின் பயனை வீட்டார் முதன்முதலாகக் காணும் நாளாக அது அமையலாம்.

எமது கல்லூரி இன்னும் பல விழாக்களைக் காண வேண்டும். அடுத்த விழா மலர் வெளிவரும் வேளையில், தெரணியகலையிலோ யட்டியாந்தோட்டையிலோ ஒரு தாயின் தோடு அடகுக் கடையிலிருந்து மீண்டு வந்திருக்குமாயின், அதற்கு எமது ஆய்வுகூடத்து மூலை மேசையும் ஒரு காரணமாய் இருக்கட்டும் என வேண்டி அமைகின்றோம்.